மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டு, குடலைச் சரிசெய்து முடக்குவாதத்தைப் போக்க முடியுமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து கேட்டிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். உங்களுக்கு வயது 34. எட்டு மாதங்களுக்கு முன் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று உறுதியானது, இந்த நோயைக் காட்டும் சி.சி.பி. எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிக அதிகம். வெள்ளிக்கிழமை தோறும் 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக்கொள்கிறீர்கள். சனிக்கிழமை முழுவதும் குமட்டலில் கழிகிறது. காலை விறைப்பு முன்பு இரண்டு மணி நேரம் இருந்தது, இப்போது அரை மணி நேரம். இந்த நிலையில் ‘ஃபங்ஷனல் மெடிசின்’ முறையில் சிகிச்சை தரும் ஒருவரிடம் போயிருக்கிறீர்கள். அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார், குடல் கசிவுதான் நோயின் வேர் என்றார், பல ஆயிரம் ராண்ட் செலவாகும் பரிசோதனைகளையும் ஒன்பது வகைச் சத்து மாத்திரைகளையும் கடுமையான ஓர் உணவுப் பட்டியலையும் எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டுவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மாமியாரோ இந்தியாவிலிருந்து அமுக்கரா, சீந்தில் சூரணங்களை வரவழைத்து வைத்திருக்கிறார். “எந்த வழி சரி?” என்று கேட்கிறீர்கள், கடைசி வரியில், அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தை பெற விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, இந்த மாத்திரையை நிறுத்தலாமா, நிறுத்தினால் என் கைகளுக்கு என்ன ஆகும் என்பதே உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறேன்.

நான் மதுரையில் மருத்துவம் படித்து, டர்பனுக்கு வந்து 26 ஆண்டுகளாக மூட்டுநோயாளிகளைப் பார்த்து வருபவன். உங்கள் கைகளைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பது இந்த விடையின் முதல் குறை. சித்த மருத்துவத்தையோ ஆயுர்வேதத்தையோ முறையாகக் கற்றவன் அல்லன். அவற்றின் கோட்பாடுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நோயாளிகளிடம் நான் கண்டதையும், ஆய்வுகளில் வெளிவந்ததையும் மட்டுமே சொல்ல முடியும்.

அந்தச் சிகிச்சையாளர் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஜெஃப்ரி பிளாண்ட் என்னும் உயிர்வேதியியலாளர் 1991இல் அமெரிக்காவில் ஃபங்ஷனல் மெடிசினுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய நாள்முதல், இந்த முறையினர் கேட்டு வருவது ஒன்றுதான்: இந்த நோய் இவருக்கு ஏன் வந்தது? எங்கள் மருத்துவமனைகளில் இதைக் கேட்க நேரமே இருப்பதில்லை. ஆனால் இதற்கு அடிப்படை இருக்கிறது. மரபணு முழுவதும் ஒன்றாக உள்ள இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால், மற்றவருக்கும் அது வருவது ஏறத்தாழ 15 விழுக்காடுதான். மிச்சம் உள்ளதில் ஒரு பகுதி நாம் வாழும் சூழலில் இருக்கிறது. புகைபிடித்தல் சி.சி.பி. எதிர்ப்பொருள் உள்ள வகை முடக்குவாதத்தைத் தூண்டுகிறது என்பது உறுதி. புகைப்பவர்களிடம் மெத்தோட்ரெக்ஸேட்டும் குறைவாகவே வேலை செய்கிறது. ஈறுநோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா, இந்த எதிர்ப்பொருள்கள் குறிவைக்கும் புரத மாற்றத்தைத் தானே செய்ய வல்லது. சிகிச்சை தொடங்காத புதிய நோயாளிகளின் குடலில் பிரெவோடெல்லா கோப்ரி என்னும் நுண்ணுயிர் மிகுந்திருப்பதை நியூயார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். குடலுக்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்பவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்க என்னால் முடியாது.

உணவை மாற்றியே ஒரு தன்னுடல் தாக்குநோயை, அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோயை, முழுவதும் அடக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அது சீலியாக் நோய். வில்லம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர், 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது தம் சிறு நோயாளிகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நோயுற்றதையும் கவனித்தார். 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். இன்றுவரை அந்த நோய்க்குச் சிகிச்சை கோதுமையையும் அதன் உறவுத் தானியங்களையும் விலக்குவதுதான். ஆனால் இந்த எடுத்துக்காட்டை முடக்குவாதத்துக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. சீலியாக் நோயில் தூண்டும் பொருள் எது என்று தெரியும். அது வெளியிலிருந்து, நாள்தோறும், வாய் வழியாக வருகிறது. எனவே நிறுத்தினால் நின்றுவிடும். முடக்குவாதத்தில் எதிர்ப்பொருள்கள் முதல் மூட்டுவலிக்குப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தோன்றிவிடுகின்றன. தூண்டியது புகையோ ஈறோ குடலோ எதுவாயினும், நோய் வெளிப்படும் நேரத்தில் உடல் தன் சொந்தப் புரதங்களையே எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டுவிட்டது. தொடங்கிவைத்ததை நீக்கினாலும் அந்த நினைவு அழிவதில்லை. ‘வேரைக் கண்டுபிடித்து நீக்குகிறோம்’ என்னும் சொல் காதுக்கு இனிது. ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் வகையில் அப்படி நீக்கி நோயை முடித்துவைத்ததாகக் காட்டிய ஒழுங்கான ஆய்வு எதுவும் இல்லை.

இனி, இந்த விடையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது: முடக்குவாதத்தில் வலி குறைவதும் மூட்டு காக்கப்படுவதும் ஒரே செய்தி அல்ல. மூட்டின் உள்சவ்வு வீங்கி எலும்பின் ஓரத்தை அரிக்கும் வேலை, வலி அதிகம் இல்லாமலும் நடக்கும். நன்றாக இருக்கிறேன் என்று நோயாளியும், வீக்கம் இல்லை என்று மருத்துவரும் சொல்லும் மூட்டுகளில் கூட அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால் அழற்சி தெரிவது உண்டு. பிற்பாடு எக்ஸ்ரேயில் அரிப்பு தோன்றுவதும் உண்டு. அரித்த எலும்பு பழையபடி வளர்வது மிக அரிது. முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பலருக்கு இந்தச் சேதம் தொடங்கிவிடுவதால்தான், தொடக்கத்திலேயே நோயை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் அவசரப்படுகிறோம். நீங்கள் இருப்பது எட்டாவது மாதம், சி.சி.பி. அதிகமுள்ளவர்களுக்கு அரிப்பு விரைவாக வருகிறது. வலி நிவாரணியும் உண்ணாநோன்பும் நல்ல தூக்கமும் வலியைக் குறைக்கும். எலும்பு அரிப்பை நிறுத்துகின்றன என்று எக்ஸ்ரேயால் காட்டப்பட்டவை மெத்தோட்ரெக்ஸேட்டும் அதன் வகுப்பைச் சேர்ந்த மருந்துகளும் உயிரியல் மருந்துகளும் (உயிரணுக்களில் உருவாக்கப்படும் புரத மருந்துகள்)தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியை என்னிடம் வந்துகொண்டிருந்தார். இதேபோன்ற திட்டம் ஒன்றில் சேர்ந்து, சர்க்கரையையும் மாவையும் விட்டு, எட்டுக் கிலோ எடை குறைந்து, முகம் தெளிந்து, ஏழு மாதம் மருந்தே இல்லாமல் இருந்தார். நடை எளிதாயிற்று, உறக்கம் வந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. கரும்பலகையில் எழுதும்போது மணிக்கட்டு மட்டும் இடறுகிறது என்று திரும்பி வந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில், முந்தைய படத்தில் இல்லாத அரிப்பு இரண்டு விரல்மூட்டுகளில் இருந்தது. உணவு மாற்றம் அவருக்கு உண்மையாகவே நன்மை செய்தது. அந்த நன்மையை மருந்துக்குப் பதிலாக வைத்ததுதான் அவருடைய விரல்களைப் பறித்தது. அந்த ஏழு மாதமும் எவரும் அவருடைய மூட்டுகளைத் தொட்டு எண்ணவில்லை, ஒரு படமும் எடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய் மருந்து, உடலுக்கு அந்நியமான நஞ்சு என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. அதிக அளவில் அது புற்றுநோய்க்குத் தரப்படுவது உண்மை. முடக்குவாதத்துக்குத் தரும் அளவு அதில் மிகச் சிறு பகுதி. இந்த மருந்துக் குடும்பத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போகும் முன் சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தவர் அவர். இதன் முன்னோடியான அமினோப்டெரினை முடக்குவாதத்துக்கு முதலில் கொடுத்துப் பார்த்தது 1951இல். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அமெரிக்கா முறையான ஒப்புதல் தந்தது 1988இல். அதன் தீங்குகளை நான் மறைக்கவில்லை. குமட்டல், வாய்ப்புண், கல்லீரல் நொதி உயர்வு, இரத்த அணுக்கள் குறைதல், அரிதாக நுரையீரல் அழற்சி ஆகிய எல்லாம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தவறி நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் இந்தத் தீங்குகள் எவை, எப்போது வரும், எந்தப் பரிசோதனையில் தெரியும் என்பது பல பத்தாண்டுகளாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கையில் உள்ள ஒன்பது சத்து மாத்திரைகளைச் சேர்த்து உண்டால் என்ன ஆகும் என்பது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

பரிசோதனைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடற்சுவரின் இணைப்புகளைத் தளர்த்தும் சோனுலின் என்ற புரதத்தை அலெசியோ ஃபசானோவின் குழு 2000ஆம் ஆண்டில் விவரித்தது. அது உண்மையான அறிவியல். ஆனால் சந்தையில் பரவலாக விற்கும் சோனுலின் பரிசோதனைப் பெட்டிகளில் ஒன்று, அந்தப் புரதத்தையே அளக்கவில்லை, வேறு புரதங்களை அளக்கிறது என்பது 2018இல் வெளியாயிற்று. ஐ.ஜி.ஜி. வகை உணவுப் பரிசோதனை இன்னும் தெளிவான விஷயம்: ஓர் உணவுக்கு எதிராக அந்த எதிர்ப்பொருள் இருந்தால் நீங்கள் அந்த உணவை உண்டிருக்கிறீர்கள் என்று பொருள், அது உங்களுக்கு ஆகாது என்று பொருள் அல்ல. ஐரோப்பா, அமெரிக்கா, கனடா ஆகியவற்றின் ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன. மன அழுத்தத்தால் அட்ரினல் சுரப்பி சோர்ந்துவிடுவதாகச் சொல்லும் ‘அட்ரினல் களைப்பு’ என்பதை 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, அப்படி ஒரு நோய்க்குச் சான்று இல்லை என்று முடித்தது. இந்த மூன்று பரிசோதனைக்கும் பணம் கட்ட வேண்டாம். சீலியாக் நோய்க்கான எளிய இரத்தப் பரிசோதனை, தைராய்டு, வைட்டமின் டி, இரும்புச்சத்து ஆகியவற்றைப் பார்ப்பதில் பொருள் உண்டு. அவர் பட்டியலில் இவையும் இருப்பதைக் கண்டேன். அந்த அளவில் அவரைப் பாராட்டுகிறேன்.

உணவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் உங்கள் கையாலேயே செய்யக்கூடியது இதுதான். உங்களுக்குத் தந்திருக்கும் ‘ஆட்டோ இம்யூன் புரோட்டோகால்’ உணவு முறையில் தானியம், பருப்பு, பால், முட்டை, கொட்டைகள், தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் விலக்கப்படுகின்றன. இதற்கு உள்ள ஆய்வுகள் மிகச் சிறியவை. 2017இல் குடல் அழற்சி நோயாளிகள் 15 பேரில் 11 பேருக்கு ஆறு வாரத்தில் அறிகுறிகள் நீங்கின; ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, பலர் மருந்தையும் தொடர்ந்தார்கள். 2019இல் ஹாஷிமோட்டோ தைராய்டு நோயுள்ள 17 பெண்களிடம் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, ஆனால் தைராய்டு அளவோ எதிர்ப்பொருளோ குறிப்பிடும்படி மாறவில்லை. முடக்குவாதத்துக்கு இதைவிட நல்ல சான்று நார்வேயிலிருந்து வந்தது: 1991இல் வெளியான ஆய்வில் 27 பேர் ஒரு வாரத்துக்கு மேல் நோன்பிருந்து, பின் பல மாதங்கள் பால் முதலியன இல்லாத சைவ உணவும், அதன்பின் பாலுடன் கூடிய சைவ உணவும் உண்டார்கள், வழக்கமான உணவு உண்ட 26 பேரைவிட அவர்களுடைய மூட்டுகள் ஓராண்டு முழுவதும் நன்றாக இருந்தன. தாம் எதை உண்கிறோம் என்று உண்பவருக்கே தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. என்றாலும் இதை நான் ஒதுக்கித் தள்ளுவதில்லை. புரட்டாசியில் மாதம் முழுவதும் கவிச்சை தொடாமல் இருக்கும் நம் மக்கள் பலர், அந்த மாதத்தில் கை லேசாக இருக்கிறது என்று ஆண்டுதோறும் என்னிடம் சொல்கிறார்கள். அது நார்வே ஆய்வோடு ஒத்துப்போகிறது.

அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முடக்குவாதக்காரர்களுக்கு உடற்பயிற்சியை உறுதியாகவும், மத்தியதரைக்கடல் பாணி உணவை ஓரளவு தயக்கத்தோடும் பரிந்துரைக்கிறது. பெயர் வைத்த மற்ற உணவு முறைகளையும் சத்து மாத்திரைகளையும் பொதுவாக வேண்டாம் என்கிறது. மத்தியதரைக்கடல் என்றதும் ஆலிவ் எண்ணெய்க்கும் சால்மன் மீனுக்கும் பணம் தேட வேண்டியதில்லை. நம் வீட்டு டின் மீன் குழம்பே போதும். டப்பாவில் வரும் பில்சார்டில் ஒமேகா 3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. ஜூன், ஜூலையில் தென்கடற்கரைக்குக் கூட்டமாக வரும் மத்தியும் அதே இனம்தான். சுகர் பீன்ஸ், துவரம்பருப்பு, கீரை, முருங்கை, மடும்பி (சேப்பங்கிழங்கு) என்று சந்தையில் கிடைப்பதைச் சமைத்து, வெள்ளை ரொட்டியையும் குளிர்பானத்தையும் பொரித்ததையும் குறைத்தால் அந்த உணவு முறையின் சாரம் வந்துவிடும். பருப்பையும் தானியத்தையும் முற்றிலும் விலக்கும் பட்டியலை நீங்கள் பின்பற்றினால், கருத்தரிக்க விரும்பும் இந்த நேரத்தில் எடையும் தசையும் இரும்பும் குறையும் என்று அஞ்சுகிறேன். ஒன்றிரண்டு பொருளைச் சில வாரம் விலக்கிப் பார்த்து, மீண்டும் சேர்த்து, வேறுபாடு தெரிகிறதா என்று குறித்து வைப்பதில் தவறில்லை; மாத்திரை மட்டும் மாறாமல் இருக்கட்டும், இல்லையேல் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

சத்து மாத்திரைகளில், மீன் எண்ணெய்க்கு மட்டும் நான் ஓரளவு துணிந்து ஆதரவு சொல்வேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் ஒமேகா 3 மூட்டுவலியையும் வலி நிவாரணிகளின் தேவையையும் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவில் புதிய நோயாளிகளுக்கு மருந்துகளோடு சேர்த்து அதிக அளவில் கொடுத்தபோது, மருந்து தோற்பதும் குறைந்தது. சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வைட்டமின் டி பற்றி உங்களிடம் காட்டிய ஆய்வு அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்தது. நாளுக்கு 2000 அலகு எடுத்தவர்களுக்கு ஐந்தாண்டுகளில் தன்னுடல் தாக்குநோய்கள் 22 விழுக்காடு குறைவாக வந்தன. அது நோய் வராதவர்களைப் பற்றிய செய்தி. வந்த நோயைப் போக்கும் என்பதற்குச் சான்றாகாது. உங்களுக்கு அளவு குறைவாக இருந்தால் சரிசெய்யுங்கள், அவ்வளவுதான். பட்டியலில் உள்ள பயோட்டின் தைராய்டுப் பரிசோதனையைப் பிழையாகக் காட்டக்கூடியது. இரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

மஞ்சளைக் குழம்பில் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. மிளகுச் சத்தோடு சேர்த்து அடர்த்தியாக்கிய மஞ்சள் மாத்திரை வேறு பொருள். உடல் அதை அதிகமாக உறிஞ்சும்படி செய்திருப்பதாலேயே கல்லீரலைத் தாக்கிய நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. சீந்திலைப் பற்றி உங்கள் மாமியாரிடம் மெல்ல எடுத்துச் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்காக அதை உண்டவர்களில் ஆறு பேருக்குத் தன்னுடல் தாக்குவகைக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவின் பல மருத்துவமனைகளிலிருந்து 43 பேர் பற்றிய தொகுப்பு வந்தது. அவர்களில் பலரிடம் தன்னுடல் தாக்குதலின் அடையாளங்கள் காணப்பட்டன. எதிர்ப்பாற்றலைப் பெருக்குவது உங்களுக்கு நன்மை அல்ல, ஏனெனில் உங்களைத் தாக்குவதே அதுதான். அமுக்கராவும் கல்லீரலைத் தாக்கியதுண்டு, தைராய்டு அளவை ஏற்றுவதுமுண்டு. டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்தது. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் கல்லீரலுக்கு இவை மூன்றும் சேர்ந்தால், நொதி உயரும்போது பழி எதன்மேல் என்று எவராலும் சொல்ல முடியாது.

இதை நான் என் பிழையிலிருந்தே அறிந்தேன். பணியில் சேர்ந்த புதிதில், மூலிகை உண்ணலாமா என்று கேட்ட ஓர் அம்மாவிடம் பேச்சை வெட்டி, அதெல்லாம் வேண்டாம் என்று முடித்துவிட்டேன். அவர் உண்பதை நிறுத்தவில்லை, என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தினார். கல்லீரல் நொதி நான்கு மடங்கு ஏறியபோது நல்ல பயன் தந்துகொண்டிருந்த மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினேன். மூட்டுகள் மீண்டும் வீங்கின. பல மாதம் கழித்து அவர் மகள்தான் சூரணப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அன்றுமுதல் ஒவ்வொரு நோயாளியிடமும் வீட்டில் உள்ள எல்லாப் புட்டியையும் பையில் போட்டு எடுத்து வரச் சொல்கிறேன்.

வெளியூரிலிருந்து பொட்டலமாக வரும் சூரணங்களில் இன்னொரு கவலையும் உண்டு. பாஸ்டனில் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததை 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பெயரில்லாத மூட்டுவலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நடக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக நடந்தவன் ஆகமாட்டேன். கோயம்புத்தூரில் 43 முடக்குவாத நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்ஸேட், ஒரு குழுவுக்கு இரண்டும் என்று, யார் எதை உண்கிறார் என்பது தெரியாதபடி கொடுத்த ஆய்வு 2011இல் வெளியானது. 36 வாரத்தில் மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறின. மதிப்புள்ள, ஒழுங்கான முயற்சி அது. எனினும் ஒரு குழுவுக்கு இருபதுக்கும் குறைவானவர்கள் என்பது இரண்டும் சமம் என்று சொல்லப் போதாது. அங்கே மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் தேர்ந்து கொடுத்த சிகிச்சையும் உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள பொட்டலமும் ஒன்றல்ல.

தென்னாப்பிரிக்காவில் ஆயுர்வேதம், இயற்கை மருத்துவம், ஹோமியோபதி, யுனானி முதலியவற்றைச் செய்பவர்கள் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற மருத்துவர்களின் பதிவு ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் மருத்துவத் தொழில் கவுன்சிலில். ஃபங்ஷனல் மெடிசின் என்ற பெயரில் தனிச் சிறப்புத் துறை எதுவும் அங்கே இல்லை. எனவே அவரிடம் எந்தக் கவுன்சிலில், எந்தத் தொழிலின் கீழ்ப் பதிவு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. என் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்வதை எழுதி, கையொப்பமிட்டு, என் மூட்டு மருத்துவருக்கு அனுப்புவீர்களா என்றும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மூட்டுகளை எண்ணி, அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை பார்த்து, படம் எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். விடையைப் பொறுத்து அவரிடம் உணவு, உறக்கம், மன அழுத்தம் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து போவதா என்று முடிவு செய்யலாம். போவதையே நான் தடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் எங்களால் கேட்க முடியாததை ஒன்றரை மணி நேரம் ஒருவர் கேட்டார் என்றால் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. தம் வாழ்வின் பெருந்துயரை எழுத்தில் இறக்கிவைத்த முடக்குவாத நோயாளிகள் நான்கு மாதத்துக்குப் பின்னும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்று 1999இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. உங்களுக்கு மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) இருந்தால், முடக்குவாதம் கட்டாயம் ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பரிசோதனைகளுக்குச் செலவிட இருந்த பணத்தைவிடக் குறைவாகவே மருந்துக்கு உங்கள் கையிலிருந்து போகும்.

சனிக்கிழமைக் குமட்டலுக்கு வழி இருக்கிறது, அதைத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஃபோலிக் அமிலம் எடுக்கிறீர்களா, எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கூட்டலாம், மாத்திரையை ஒரே நாளில் காலை மாலை என்று பிரிக்கலாம், தோலடி ஊசியாக மாற்றலாம். ஊசிக்கு மாறியவர்களில் பலருக்குக் குமட்டல் குறைவதை என் நோயாளிகளிடம் கண்டிருக்கிறேன். அரை மணி நேர விறைப்பு மிச்சம் இருப்பதால் 15 மில்லிகிராம் உங்களுக்குப் போதவில்லை என்றும் தோன்றுகிறது. உயிரியல் மருந்து பற்றிப் பேச்சு வந்தால், காசநோய் மிகுந்த நம் நாட்டில் முதலில் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தடுப்பு மருந்து கொடுத்த பின்பே தொடங்க வேண்டும். அதை எவரும் தாண்டிப் போக விடாதீர்கள்.

ஆனால் அளவைக் கூட்டுவதற்கு முன் குழந்தை விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள், ஏனென்றால் அது திட்டத்தையே மாற்றுகிறது. மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும், குறைபாடுகளை உண்டாக்கும். இதில் ஐயமே இல்லை. கருத்தரிக்க முயல்வதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும், அதுவரை கருத்தடை கட்டாயம். ஆக, நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு விடை ‘ஆம்’ ஆகவும் இருக்கலாம். வெறுமனே நிறுத்தாமல் மாற்றி நிறுத்த வேண்டும். சல்ஃபாசலசைன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகிய இரண்டும் கருவுற்ற காலத்தில் தொடரக்கூடியவை. தேவைப்பட்டால் கருவுக்கு அதிகம் கடந்து செல்லாத உயிரியல் மருந்தும் உண்டு. புதிய மருந்தில் நோய் அடங்கியிருக்கிறது என்று சில மாதம் பார்த்த பிறகு முயல்வது நல்லது. கருவுற்றபின் பெண்கள் பலருக்கு முடக்குவாதம் தானே தணியும். இதை நோயாளிகள் சொல்லக் கேட்டுக் கவனித்த ஃபிலிப் ஹென்ச், அந்தக் கவனிப்பைத் தொடர்ந்து போய்த்தான் 1948இல் கார்ட்டிசோனை முதல் முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்தார். பிள்ளை பிறந்த சில மாதங்களில் நோய் திரும்புவதும் வழக்கம் என்பதால், அந்த நாள்களுக்கான ஏற்பாட்டையும் இப்போதே கேட்டு வையுங்கள். மாற்று மருந்து கைக்கு வரும்வரை வெள்ளிக்கிழமை மாத்திரையைத் தொடருங்கள். சூரணங்கள் அதுவரை அலமாரியிலேயே இருக்கட்டும், அவற்றையும் பையில் போட்டு உங்கள் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.